கடிதம் கேட்காத மருத்துவமனை

(நம் அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நமது மருத்துவமனையின் புதிய தலைமை மருத்துவரை வரவேற்றுச் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)





இன்று நான் ஆண்டறிக்கை வாசிக்க வேண்டும். வரவு செலவு அச்சிட்ட தாள் உங்கள் கையில் இருக்கிறது. பொருளாளர் அதற்கு விளக்கம் தருவார். என் பங்குக்கு ஒரே ஒரு விஷயத்தைப் பேச அனுமதி கேட்டிருக்கிறேன். நம் மருத்துவமனைக்குப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் டாக்டரம்மா, வந்த முதல் மாதத்தின் முடிவில் நிர்வாகக் குழுவுக்கு மூன்று பக்கக் கடிதம் ஒன்றைத் தந்தார். அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதில் ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை.

சாதாரணமாகப் புதிய தலைமை மருத்துவர் வந்தால் என்ன கேட்பார்? கருவி கேட்பார், கட்டடம் கேட்பார். நாமும் அதை எதிர்பார்த்தே இருந்தோம். ஸ்கேன் கருவிக்கென்று சென்ற ரமலானில் வசூல் செய்து வைத்திருக்கிறோம். திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்றுகூடப் பேசிவிட்டோம்.

டாக்டரம்மா முதல் வாரம் தன் நாற்காலியில் உட்காரவே இல்லை. சீட்டுப் போடும் ஜன்னலுக்கு எதிரே, நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யார் வருகிறார்கள், யார் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், யார் பாதியிலேயே எழுந்து போகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். இரண்டு இரவுகள் நர்ஸ் பிள்ளைகளோடு விழித்திருந்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. கடிதத்தில் கருவி எதுவும் இல்லை. முதலில் பணியாளர்கள், அடுத்து நோயாளிகள், அதற்கடுத்து இன்னும் நம் வாசலுக்கே வராதவர்கள் என்று மூன்று தலைப்புகள் மட்டும் இருந்தன.

அவர் கேட்டவற்றைச் சொல்வதற்கு முன், இதே மாதிரி புதிதாகப் பொறுப்பேற்ற வேறு ஒருவரின் வரலாற்றைச் சொல்கிறேன். இது நம் தமிழ்நாட்டில் நடந்தது. உங்களில் பலருடைய வீட்டுப் பெரியவர்கள் அதன் பலனைக் கண்ணாலேயே கண்டிருப்பீர்கள்.

*மதுரையில் 11 படுக்கைகள்*

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பத்தில் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து வளர்ந்ததால், மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கே முடக்கு வாதம் அவரைப் பிடித்தது. விரல்கள் கோணிப்போயின. மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தார். பிரசவம் பார்க்கும் கனவு அத்தோடு முடிந்தது.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களுக்குத் தோதான கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவுத் தலைவராக இருந்து, 1976-இல் 58 வயதில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற அதே ஆண்டில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கையில் பணம் இல்லை. குடும்பத்தார் நகைகளை அடகு வைத்தார்கள். தங்கை நாச்சியாரும் அவருடைய கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள். அவர்களும் கூட நின்றார்கள். அந்த 11 படுக்கைகள் வளர்ந்து இன்று உலகிலேயே மிக அதிகமாகக் கண் அறுவைச் சிகிச்சை செய்யும் நிறுவனங்களில் ஒன்றாகியிருக்கிறது. நம் சேலத்திலும் அவர்களுக்கு மருத்துவமனை இருக்கிறது.

எப்படி வளர்ந்தது என்பதுதான் நமக்குப் பாடம்.

முதலாவது, ஆட்கள். ஒரு கண் மருத்துவர் செய்யும் வேலைகளைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பகுதி மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. பார்வை அளவு எடுப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, நோயாளியை அறுவைக்குத் தயார் செய்வது, பிறகு கவனித்துக்கொள்வது எல்லாவற்றையும் நன்றாகப் பயிற்சி பெற்ற ஒருவர் செய்யலாம். ஆகவே பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண் பிள்ளைகளைச் சேர்த்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, சம்பளமும் மரியாதையும் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். அறுவை அரங்கில் இரண்டு மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரு நோயாளிக்கு முடிப்பதற்குள் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். மருத்துவர் திரும்பி நின்றால் போதும். மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாகாததால், ஒருவருக்கு ஆகும் செலவு குறைந்தது. அந்த மருத்துவமனையின் முதுகெலும்பு அந்தப் பெண் பிள்ளைகள்தான். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளைப் போன்றவர்கள்.

இரண்டாவது, நோயாளியின் மரியாதை. அங்கே கட்டணப் பிரிவும் உண்டு, இலவசப் பிரிவும் உண்டு. எதில் போக வேண்டும் என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். 'நீ ஏழைதானா? சான்று எங்கே?' என்று யாரும் கேட்பதில்லை. மருத்துவர்கள் இரு பிரிவிலும் மாறி மாறி வேலை பார்க்கிறார்கள். அறை வசதியில்தான் வித்தியாசமே தவிர, வைத்தியத்தில் இல்லை. கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருமானம் இலவசப் பிரிவையும் தாங்குகிறது. ஒரு காலத்தில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஏழைக்கு எட்டாத விலை. 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி அதையும் மலிவாக்கிவிட்டார்கள்.

மூன்றாவதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். அவர்கள் ஊர் ஊராக இலவச முகாம் நடத்தினார்கள். இலவசமாகக் கண் கிடைக்கிறது என்றால் ஊரே திரண்டு வரும் என்றுதானே நினைப்போம்? வரவில்லை. பின்னாளில் ஆய்வு செய்து பார்த்தபோது, முகாம் நடந்த கிராமங்களில் கண் குறை உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே வந்திருந்தது தெரிந்தது. ஏன்? பயம் ஒரு காரணம். துணைக்கு ஆள் இல்லை. பஸ்ஸுக்குக் காசு இல்லை. கூட வருகிற மகனுக்கு இரண்டு நாள் கூலி போகும். 'இந்த வயசுல எனக்கு எதுக்குக் கண்ணு, சாப்பாட்டுத் தட்டு தெரியுது, போதும்' என்று சொன்ன முதியவர்களும் உண்டு. இதற்குப் போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்த இடங்களில் கூடுதலான பேர் வந்தார்கள்.

அறுவைச் சிகிச்சை இலவசம்தான், ஆனால் ஏழைக்கு அது இலவசமாக இல்லை. இந்த உண்மையை அவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். பஸ் அனுப்பினார்கள், சாப்பாடு போட்டார்கள், பயத்தைப் போக்க நோயாளியோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஆட்களை அமர்த்தினார்கள். பிறகு கிராமங்களிலேயே சிறு பார்வை மையங்களை வைத்து, அங்கிருந்து திரை வழியே மருத்துவரோடு பேசும் ஏற்பாட்டையும் செய்தார்கள்.

*இது நமக்குப் புதிதல்ல*

இதைப் படித்தபோது எனக்கு மதரஸாவில் உஸ்தாத் சொன்ன வரலாறு நினைவுக்கு வந்தது. முஸ்லிம்கள் கட்டிய மருத்துவமனைகளுக்கு பீமாரிஸ்தான் என்று பெயர். 'பீமார்' என்றால் நோயாளி. நம்மில் உர்து பேசும் வீடுகளில் இன்றும் புழங்குகிற சொல்தான். டமாஸ்கஸில் சுல்தான் நூருத்தீன் 1154-இல் கட்டிய பீமாரிஸ்தானின் கட்டடம் இன்றும் நிற்கிறது. கெய்ரோவில் சுல்தான் மன்சூர் கலாவூன் 1284-இல் கட்டியது அதைவிடப் பெரியது. கடைகளையும் நிலங்களையும் அதற்கு வக்ஃபு செய்து வைத்தார்கள். ஆண், பெண், பணக்காரர், ஏழை, உள்ளூர்க்காரர், வழிப்போக்கர் எல்லோருக்கும் அது பொது. குணமாகும் வரை தங்கலாம். குணமாகி வீட்டுக்குப் போகும்போது நோயாளியின் கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்புவார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். எதற்காக? உடம்பு தேறுவதற்குள் கூலி வேலைக்கு ஓட வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக!

மதுரையில் நம் காலத்தில் கண்டறிந்ததை, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வக்ஃபு செய்தவர்கள் அறிந்திருந்தார்கள். மருந்து இலவசம் என்றாலும் கூலி போவது இலவசமில்லை. நாம்தான் நடுவில் அதை மறந்துவிட்டோம்.

*நான் கேட்ட கடிதம்*

இப்போது டாக்டரம்மாவின் கடிதத்துக்கு வருகிறேன். நான் தூக்கம் இழந்த வரி இதுதான்: 'ஜமாஅத் கடிதம் கொண்டுவரச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை.'

உங்களுக்குத் தெரியும். நம் மருத்துவமனையில் கட்டணம் இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால், ஏழை என்பதற்கு ஜமாஅத்திலிருந்து கடிதம் வேண்டும். இந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். நிதி தவறான கைக்குப் போய்விடக் கூடாது, அமானிதம் பாழாகக் கூடாது என்ற எண்ணத்தில்தான் எழுதினோம். நோக்கத்தில் குற்றமில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நம் பகுதியைச் சேர்ந்த ஒரு விதவைத் தாய் வந்தார். காலில் சின்னப் புண். சர்க்கரை இருந்தது. அன்று சீட்டுப் போடும் இடத்தில் நான்தான் நின்றிருந்தேன். 'அம்மா, கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க, உடனே பார்த்துடலாம்' என்றேன். 'சரி தம்பி, வாங்கிட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவர் அரசு மருத்துவமனையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கால் விரல்கள் இரண்டை எடுத்திருந்தார்கள். 'ஏம்மா வரல்லே?' என்று கேட்டேன். அவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: 'கடிதம் எழுதுற இடத்துல என் வீட்டுக்காரரோட கூட்டாளிங்க எல்லாம் உட்கார்ந்திருந்தாங்க தம்பி. அவர் இருந்தப்ப அங்கே நாலு பேருக்குக் கொடுத்தவரு. நான் போய் ஏழைன்னு எழுதி வாங்குறதுக்கு மனசு வரல்லே.'

பெரியோர்களே, அந்தக் கடிதத்தைக் கேட்டவன் நான். வேறு யாரும் இல்லை. இரண்டு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மாவின் அந்த ஒரு வரியைப் படித்தபோது, திரும்பி வராத மற்றவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நாமோ வாங்குகிறவரை நாலு பேர் முன்னால் நிறுத்தி எழுதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறோம்.

*டாக்டரம்மா கேட்பவை*

முதலில் பணியாளர்கள். இரவில் இரண்டு நர்ஸ் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். அவர்கள் படுக்க, உடை மாற்ற, உள்ளே தாழிட்டுக்கொள்ளத் தனி அறை கிடையாது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் இரவுப் பணியில் இருந்த இளம் பெண் மருத்துவருக்கு நேர்ந்த கொடுமையை நாடே பார்த்தது. நீண்ட பணிக்குப் பிறகு ஓய்வெடுக்க முறையான இடம் இல்லாமல், கருத்தரங்க அறையில் ஒதுங்கியவர் அவர். அதைக் கேட்டு நாமும் கண்ணீர் விட்டோம். நம் கட்டடத்தில் அப்படி ஓர் அறை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. மருத்துவமனைப் பணியாளர்களைத் தாக்குவோர் மீது நடவடிக்கை எடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நம் ஆட்களே கோபத்தில் நர்ஸ் பிள்ளைகளிடம் குரல் உயர்த்தும்போது, 'அவர் நமக்குத் தெரிந்தவர்' என்று நாம் சமாதானம் பேசி அனுப்பியிருக்கிறோம். இனி அப்படி வேண்டாம் என்கிறார் டாக்டரம்மா. தாழ்ப்பாள் உள்ள அறை, இரவுக்கு மூன்றாவது ஆள், சம்பளம் மாதத்தின் அதே தேதியில். இவ்வளவுதான் கேட்கிறார்.

இதோடு இன்னொன்றும் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பகுதிப் பெண் பிள்ளைகளை அனுப்பி நர்சிங், லேப் படிப்புகளைப் படிக்க வைக்க வேண்டும் என்கிறார். இதைப் பற்றி பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை.

வேலூர் சி.எம்.சி. எல்லோருக்கும் தெரியும். பெரிய வியாதி என்றால் நம் ஊரிலிருந்து ரயில் ஏறுகிறோம். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண்மணி. மருத்துவராகும் எண்ணமே இல்லாதவர். திண்டிவனத்தில் மருத்துவரான தந்தையோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடா தந்தையை அனுப்புவதாகச் சொன்னார். ஆண் மருத்துவர் வேண்டாம், நீங்களே வாருங்கள் என்று கேட்டார்கள். தனக்கு மருத்துவம் தெரியாதே என்றார். மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். வந்த மூவரில் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1909-இல் நர்சுகளுக்குப் பள்ளி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அவரும் முதலில் ஆட்களைத்தான் உருவாக்கினார்.

அன்று கதவைத் தட்டிய அந்த முஸ்லிம் சகோதரரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நம் வீட்டுப் பெண்களைப் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நம் வீட்டுப் பெண் பிள்ளையைப் படிக்க வைக்காமல், இன்னொருவர் வீட்டுப் பெண் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்பது எந்த நியாயம்?

அடுத்து நோயாளிகள். கடித முறையை எடுத்துவிடச் சொல்கிறார். கட்டணம் செலுத்தக் கூடியவர் செலுத்தட்டும், இயலாதவர் இயலாது என்று வாயால் சொன்னால் போதும் என்கிறார். பொருளாளர் இதற்கு ஒரு கேள்வி எழுப்பினார், அது சரியான கேள்விதான். ஸகாத் பணத்தை, தகுதி உள்ளவரா என்று பாராமல் எப்படிச் செலவிடுவது? ஹஜ்ரத் அவர்களோடு அமர்ந்து பேசி, குழு இப்படி ஒரு வழி கண்டிருக்கிறது. அன்றாடப் பரிசோதனை, மருந்து, கட்டுப் போடுவது ஆகிய செலவுகளுக்கு ஸகாத்தைத் தொடுவதில்லை. கட்டண வருமானமும் பொது ஸதகாவும் அதற்குப் போகட்டும். அது எல்லாச் சமுதாய மக்களுக்கும் பொது. பெரிய அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்கு ஸகாத் தேவைப்படும்போது, இருவர் மட்டும் வீட்டுக்குப் போய் அமைதியாக விசாரித்து வரட்டும். ஜன்னலில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

வசதியுள்ளவர்களும் இலவசமாகப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்களே என்று ஒருவர் கேட்டார். சிலர் போகலாம். மதுரையில் ஐம்பது வருடமாகச் சான்று கேட்காமல் நடக்கிறது, மருத்துவமனை மூழ்கிவிடவில்லை. பத்துப் பேர் ஏமாற்றினாலும் பரவாயில்லை, ஒரு தாயின் கால் விரல் போகக் கூடாது என்பதே என் நிலை.

ரமலானுக்கு முந்தைய மாதத்தில் சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக நாட்கள் ஒதுக்கவும் கேட்டிருக்கிறார். நோன்பு நோற்கலாமா, மாத்திரையையும் ஊசியையும் எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று உலமாக்கள் பலரும் கூறியிருக்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பிடிவாதமாக நோன்பிருந்து மயங்கி விழுந்தவரை ஆட்டோவில் தூக்கி வருவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். இதை ஜும்ஆவில் சொல்வதாக ஹஜ்ரத் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, நம் வாசலுக்கு வராதவர்கள். நம் பகுதியின் பிழைப்பைப் பாருங்கள். நாமக்கல் லாரி ஓட்டுநர் மாதத்தில் எத்தனை நாள் வீட்டில் சாப்பிடுகிறார்? திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போகிறவர் வடமாநிலத்தில் மாதக்கணக்கில் கிடக்கிறார். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிப் பட்டறையில் இரவுப் பணி. சேலத்து வெள்ளிப் பட்டறையில் குனிந்தபடியே பத்து மணி நேரம். இவர்களில் யார் பகல் பத்து மணிக்கு நம் மருத்துவமனைக்கு வர முடியும்? 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். அவர்களில் பலருக்குக் காலில் புண் வரும் வரை தெரியவே தெரியாது. ஆகவே வாரத்தில் ஒரு நாள் மாலையில், லாரிப் பட்டறைக்கும் தறிக்கூடத்துக்கும் நர்ஸ் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் போக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், விடாத இருமல் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். கண்டுபிடித்தால் நம்மிடமே வர வேண்டும் என்பதில்லை. 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. காசநோய்க்கு அரசு மருந்து இலவசம், மாதம் 1,000 ரூபாய் சத்துணவுத் தொகையும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். 2022 முதல் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. சேலம் பெரியாஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது. இவை எல்லாம் நம் மக்களின் உரிமை. அட்டை எடுக்கவும், படிவம் நிரப்பவும், கூடப் போகவும் ஆள் இல்லாததால்தான் பலர் ஒதுங்குகிறார்கள். அந்த ஆளாக நாம் இருக்கலாம்.

ஒரு கசப்பான செய்தியையும் சொல்ல வேண்டும். 2025-இல் பள்ளிபாளையம் பக்கத்துத் தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தையே விற்றதாகச் செய்திகள் வந்தன. இது ஏதோ ஒரு சமுதாயத்தின் பிரச்சினை இல்லை, நம் தெருவிலும் வட்டிக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நோயால் கடன், கடனால் நோய். நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனில் மருத்துவச் செலவுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று நானும் டாக்டரம்மாவின் கோரிக்கையோடு சேர்த்து வைக்கிறேன்.

*ஸ்கேன் கருவி என்னவாகும்?*

உங்களில் சிலர் முகத்தில் இந்தக் கேள்வி தெரிகிறது. நானும் டாக்டரம்மாவிடம் இதைத்தான் கேட்டேன். ஸ்கேன் கருவி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இந்த வருடம் வேண்டாம் என்கிறார். அதற்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும், இயக்கத் தகுதியுள்ள மருத்துவர் வேண்டும். இல்லாவிட்டால் உறை போட்டு மூடித்தான் வைக்க வேண்டும். டவுனில் ஸ்கேன் எடுக்க இடங்கள் இருக்கின்றன, தள்ளுபடி பேசிக்கொள்ளலாம். இரவு இரண்டு மணிக்கு மூச்சு வாங்குகிறவரைப் பார்க்க விழித்திருக்கும் ஆள்தான் இல்லை என்றார்.

கருவிக்கென்று சொல்லி வாங்கிய பணத்தை வேறு செலவுக்கு மாற்றக் கூடாது. அது அமானிதம். ஆகவே அந்தத் தொகை அப்படியே வங்கியில் இருக்கும். கொடுத்தவர்கள் ஒவ்வொருவரையும் கேட்போம். மாற்றிக்கொள்ளச் சம்மதித்தவர் தொகையை மட்டும் இந்தப் பணிகளுக்கு எடுப்போம். மற்றவர்கள் பணம் கருவிக்காகவே காத்திருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். கருவி வாங்கினால் கல்வெட்டு வைக்கலாம், அதில் பெயர் பொறிக்கலாம். நர்ஸின் சம்பளத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டு கிடையாது. அந்த அறையின் தாழ்ப்பாளில் யார் பெயரும் இருக்காது. வராத நோயாளியைத் தேடிப் போன ஆட்டோ வாடகை எந்தப் பத்திரிகையிலும் வராது. அதற்குக் கூலி கொடுப்பவன் ஒருவன் இருக்கிறான், அவன் கணக்கில் வரும்.

நிறைவாக, உறுப்பினர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். கடித முறையை நீக்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது, யோசித்து முடிவு சொல்லுங்கள். இரவுப் பணியாளரின் சம்பளத்துக்கு மாதச் சந்தாவாக உங்களால் முடிந்ததை எழுதித் தாருங்கள். மூன்றாவது, உங்கள் தெருவில் வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நோயோடு வீட்டுக்குள் இருப்பவர் யார் என்று உங்களுக்குத்தான் தெரியும். அவர் பெயரை ஊருக்குச் சொல்ல வேண்டாம். அவர் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.

அந்தத் தாயிடம் போன வாரம் போனேன். விதியை மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறோம் என்றேன். 'நல்லது தம்பி. இனிமே வர்றவங்களுக்காவது ஆகட்டும்' என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் இதைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கித்தான் வந்தேன்.

புதிய தலைமை மருத்துவர் அவர்களுக்கு நம் எல்லோர் சார்பிலும் நல்வரவு. அவருக்கும், இரவும் பகலும் உழைக்கும் நம் பணியாளர்களுக்கும் அல்லாஹ் நல்ல உடல் நலத்தைத் தருவானாக. நோயுற்றிருப்போர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.